அடுத்தவருக்குப் பாட்டுத் தொகுத்துக் கொடுப்பது எப்படி?

"அம்மாவுக்குப் பாட்டு ஏத்திக் குடுக்கோணும்", "அப்பா கார்ல போடறதுக்கு ஒரு பென்டிரைவ்", "தறிக்குடோன்ல கேக்கற மாதிரி ஒரு லிஸ்ட் போட்டுத் தாங்க" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே தகவலோடு வருவார்கள். "அவங்களுக்குப் பழைய பாட்டுன்னா உசுருங்க." இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நான் பெருமாநல்லூர் பக்கம் கேசட் காலத்தில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன். இப்போது அதே கடையில் ரீசார்ஜ், சார்ஜர், செல்போன் கவர். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டு பிடிக்கும், கொஞ்சம் குட்டைப் பாட்டாக அமைந்தால் ஏழு. ஆக மொத்தம் பன்னிரண்டு பதின்மூன்று பாட்டுக்குள் வந்தவரைத் திருப்திப்படுத்தியாக வேண்டும். அதனால் கேள்வி கேட்டே தீர வேண்டியிருந்தது. இன்றைக்கு 32 ஜிபி பென்டிரைவில் ஆறாயிரம் பாட்டு அடங்கிவிடுகிறது. யாரும் யாரையும் கேட்பதில்லை, மொத்தமாகக் கொட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்கிறவரோ முதல் முப்பது பாட்டைத் தாண்டுவதில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது பாட்டுத் தொகுக்கப் போகிறீர்கள் என்றால், எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் கேட்க வேண்டியது, "எந்நேரம் கேப்பீங்க?" அப்புறம், "அப்ப கை என்ன வேலை செஞ்சுட்டு இருக்கும்?" மூன்றாவது, "பக்கத்துல ஆரு இருப்பாங்க?" இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

ஏன் என்றால், பிடித்த பாட்டு என்று கேட்டதும் மனிதர்கள் கௌரவமான பதிலைத் தேடுவார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் மகனை வைத்துக்கொண்டு "எனக்குக் கர்நாடக சங்கீதம்தானுங்க" என்றார். மகன் வண்டியை எடுக்க வெளியே போனதும் குரலைத் தணித்து, "அதுகூட நம்ம கரகாட்டப் பாட்டு ஒரு நாலு சேத்துப் போடுங்க, காலைல நடக்கறப்பக் கேக்க" என்றார். இரண்டும் உண்மைதான். ஒன்று சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதற்கு, மற்றது கால் வேகமாக நடப்பதற்கு. நேரத்தைக் கேட்டிருந்தால் மகன் இருக்கும்போதே சொல்லியிருப்பார்.

எருமை கறக்கிற நேரத்துப் பாட்டு

குன்னத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் அம்மாவைப் பெற்ற பாட்டிக்காக வந்தாள். "அம்முச்சிக்கு எழுபத்தெட்டு வயசுங்ண்ணா. சாமிப் பாட்டா ஏத்திக் குடுங்க."

"அம்முச்சியக் கேட்டயா கண்ணு?"

"கேக்கோணுமாங்? வயசானவங்க வேறென்ன கேக்கப் போறாங்க?"

போனைப் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். அந்தம்மா எடுத்ததும், "சாமிப் பாட்டுதான் கோயல்ல காலைல இருந்து போடறாங்களே, அது பத்தாதா? நான் எருமை கறக்கறப்பக் கேக்கறதுக்குப் போடச் சொல்லு. ரண்டு பேரு சேந்து பாடுவாங்கல்லொ, அந்த மாதிரி. திடீர்னு டம்முன்னு அடிக்கிறது வேண்டாஞ் சாமி, எருமை கால் தூக்கும்" என்றார்.

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நேரம் விடியற்காலை, இடம் கட்டுத்தரை, கை இரண்டும் மடியில், பக்கத்தில் இருப்பது எருமை. மெதுவான ஜோடிப் பாட்டு, முன்னிசை அலறாத பாட்டு, எல்லாம் ஒரே சத்த அளவில், மொத்தம் அரை மணி நேரம் இருந்தால் போதும். இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்து ஆட்கள் 2001-இல் மாடுகளுக்குப் பாட்டுப் போட்டுப் பார்த்து, மெதுவான இசைக்கு ஒரு மாடு நாளைக்கு முக்கால் லிட்டர் வரை கூடுதலாகக் கறந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கே பசு, இங்கே எருமை. அதனால் பால் கணக்கெல்லாம் நான் அந்தம்மாவிடம் பேசவில்லை.

எந்தக் காலத்துப் பாட்டு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிறந்த வருடத்தோடு பதினைந்தைக் கூட்டுங்கள். அந்த வருடத்துக்கு முன்னால் ஐந்து, பின்னால் பத்து வருடம், அதுதான் வயல். பத்து வயதிலிருந்து இருபத்தைந்து, முப்பது வயது வரை காதில் விழுந்த பாட்டுதான் பெரும்பாலானவர்களுக்குக் கடைசி வரை நிற்கிறது என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்களும் சொல்கிறார்கள். அம்முச்சி பிறந்தது 1947 வாக்கில் என்றால் 1962 வருகிறது. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965-இல் பிரிவதற்கு முன் சேர்ந்து இசையமைத்த காலம். 1962-இல் பிறந்தவருக்கு 1977. இளையராஜா அதற்கு முந்தின வருடம்தான் வந்தார். 1978-இல் பிறந்தவருக்கு 1993. ரகுமான் வந்தது 1992. மூன்று பேருமே "பழைய பாட்டு" என்றுதான் கேட்பார்கள்.

நம் ஊர்ப்பக்கத்துக்கு இந்தக் கணக்கில் ஒரு திருத்தம் உண்டு. டவுனில் ஓடி முடிந்த படம் டூரிங் டாக்கீஸுக்கு வரத் தாமதமாகும். அதனால் கிராமத்தில் வளர்ந்தவர் என்றால் அதற்கு முந்தைய ஒன்றிரண்டு வருடத்துப் படங்களிலும் தேடுங்கள். வீட்டில் ரேடியோவின் காதைத் திருகியது யார் என்றும் கேளுங்கள். அப்பாவோ பெரியண்ணனோ கோவை வானொலியும் இலங்கை வானொலியும் வைத்தது வைத்தபடி இருந்திருந்தால், அவர்களுடைய காலத்துப் பாட்டும் இவருக்குச் சொந்தப் பாட்டுத்தான். கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் குரலை அறுபது வயதுக்காரர் ஒருவர் விரும்பிக் கேட்கிறார் என்றால், அது பெரும்பாலும் அவருடைய அப்பத்தா கேட்ட பாட்டாக இருக்கும்.

தறி ஓடும்போது

அவிநாசி, சோமனூர், பல்லடம் பக்கத் தறிக்குடோன்களுக்குப் பாட்டுத் தொகுப்பது தனி வித்தை. நாடாத் தறியில் ஊடு நூலைக் கொண்டு ஓடுகிற கட்டைதான் நாடா; அது நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கும். குடோனுக்குள் சத்தம் பெரும்பாலும் 90 டெசிபலைத் தாண்டி நிற்கும். அதற்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டும் என்று காதுக்குள் இயர்போனைச் சொருகிச் சத்தத்தை ஏற்றினால், காது போய்விடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற வரம்பே வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். தறிச் சத்தத்திலேயே அந்தக் கணக்கு தீர்ந்துவிடுகிறது. எனவே இயர்போன் கூடவே கூடாது. இதை நான் கடையில் இயர்போன் விற்றுக்கொண்டே சொல்கிறேன்.

தறி ஓட்டுகிறவருக்குக் காதும் ஒரு வேலைக் கருவி. பாவு நூல் அறுந்தாலும் நாடா சிக்கினாலும் கண்ணுக்கு முந்திக் காதுதான் கண்டுபிடிக்கும். எட்டுத் தறியைப் பார்க்கிற ஆள் முதுகுப் பக்கத்துத் தறி தாளம் தப்பியதும் திரும்பிப் பார்ப்பார். நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. ஆகவே பாட்டு அந்தக் காதை மூடக் கூடாது. ஸ்பீக்கரைக் கதவோரம், நூல் கோன் அடுக்குகிற பக்கம் வையுங்கள்.

என்ன பாட்டு? வரிக்கு வரி மனப்பாடமான பாட்டு மட்டும். சத்தத்துக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் காதில் விழும், மீதியை மனசு நிரப்பிக்கொள்ளும். புதுப் பாட்டு போட்டால் நிரப்ப ஒன்றும் இருக்காது, வெறும் இரைச்சல். குரல் முன்னால் நிற்கிற பாட்டு, உச்சத்தில் பாடுகிற டி.எம். சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன் மாதிரிக் குரல்கள் எடுபடும். கிசுகிசுவென்று காதோரம் பாடுகிற இப்போதைய மெலடி எடுபடாது. "பாட்டு நல்லாத்தானுங்க இருக்கு, ஆனாக் கேக்கறதில்லீங்க" என்று திருப்பிக் கொண்டு வருவார்கள். அங்கே பாட்டு பொழுது போவதற்கு. ஷிப்டு முடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு.

திருப்பூர் பனியன் கம்பெனியில் சத்தம் குறைவு, சிக்கல் வேறு. ஒரே ஸ்பீக்கர், அதற்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களில் உள்ளூர்க்காரர், தேனிக்காரர், ஒடிசாக்காரர், பீகார்க்காரர் எல்லாரும் இருப்பார்கள். அங்கே ஒருவர் ரசனையில் லிஸ்ட் போட்டால் சண்டைதான். முறை வைத்துக்கொள்ளுங்கள்: டீ நேரம் வரை ஒருவர் போன், அப்புறம் சாப்பாடு வரை இன்னொருவர் போன். ஒடியா, போஜ்புரிப் பாட்டுகளை நாம் தேர்ந்தெடுக்கவே முயற்சி செய்ய வேண்டாம். ஒடிசாப் பையன் ஒருவன் கடைக்கு வந்து, ஒவ்வொரு பாட்டையும் பத்து விநாடி ஓடவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். எனக்கு எதுவும் புரியாது, தலையை மட்டும் ஆட்டுவேன். ஒரு பாட்டு வந்தபோது மட்டும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை முதல் இடத்தில் போட்டுக் கொடுத்தேன்.

லாரிக்காரர்களுக்கு ஒரே ஒரு விஷயம். சேலம்–கொச்சி ரோட்டில் இரவு ஓட்டுகிறவர்கள் "தூக்கம் வராத மாதிரிப் பாட்டு" கேட்பார்கள். அப்படி ஒரு பாட்டு இல்லை. சத்தமும் வேகமும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். கண் சொருகினால் வண்டியை ஓரங்கட்டி ஒரு காப்பி குடித்துக் கால் மணி நேரம் தூங்குவதுதான் வழி. சரி, பாட்டும் வேண்டும் என்றால் கூடவே பாடக்கூடிய பாட்டாகப் போட்டுக் கொடுங்கள். வாய் திறந்து பாடுகிற ஆள் சும்மா கேட்கிற ஆளைவிடக் கொஞ்சம் தெளிவாக இருப்பார்.

மனசு சரியில்லாதவருக்கு

நிச்சயம் முறிந்துபோன தம்பிக்காக ஒரு அக்கா வந்து, "சந்தோஷமா ஒரு இருபது பாட்டு ஏத்திக் குடுங்க, எந்நேரமும் சோகப் பாட்டே கேட்டுட்டு இருக்கறான்" என்றார். வேண்டாம் என்றேன். துக்கத்தில் இருப்பவர் சோகப் பாட்டுக் கேட்பது துக்கத்தை வளர்ப்பதற்கு என்று வீட்டார் நினைக்கிறார்கள். பலருக்கு அது ஆறுதல்; தன் கதையை வேறொருவன் ஏற்கெனவே பாடி வைத்திருக்கிறான் என்கிற தெம்பு. அவன் போனில் இருக்கிற பாட்டைத் தொடாதீர்கள். அதன் வாலில், சோகமும் இல்லாத குதூகலமும் இல்லாத, வெறும் வயலினோ புல்லாங்குழலோ வருகிற இரண்டு மூன்றை மட்டும் சேர்த்துவிடுங்கள். அவன் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால் அது பாட்டு விஷயமே இல்லை, டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று. வீட்டில் யாராவது தவறியிருந்தால், அவர்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது. சிலருக்கு அதுதான் வேண்டும், சிலருக்கு அதைத் தாங்க முடியாது. "மாமாவுக்குப் புடிச்ச பாட்டு ஒண்ணு இருக்குதுங்களே, போடட்டுமாங்?" என்று வாய் திறந்து கேட்டுவிடுவது நல்லது.

சாமிக்காகக் கேட்கிறவர்கள் தனி. அவிநாசிக் கோயிலில் சுந்தரர் பாடிய பதிகத்தை வரிசையாக ஓதக் கேட்கிற பெரியவருக்கு, நடுவில் சினிமாப் பக்திப் பாட்டைச் செருகினால் கோபம் வரும். அது அவருக்கு வழிபாடு, இசை அப்புறம்தான். தனி ஃபோல்டர் போடுங்கள்.

தனியாக ஒருவர், கூட்டமாக ஊர்

என் மச்சான் மகன் கல்லூரியில் உளவியல் படிக்கிறான். ஜெர்மனி ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றைப் படித்துக் காட்டினான். மனிதர்கள் எதற்காகப் பாட்டுக் கேட்கிறார்கள் என்று ஏற்கெனவே பலரும் எழுதிய காரணங்களைத் திரட்டினார்களாம், 129 வந்ததாம். எண்ணூற்றுச் சொச்சம் பேரிடம் கேட்டு அதை மூன்றாகச் சுருக்கியிருக்கிறார்கள்: மனநிலையைச் சரிசெய்துகொள்ள, தன்னைத் தானே உணர்ந்துகொள்ள, மற்றவர்களோடு சேர்ந்திருக்க. இதில் மூன்றாவதுதான் மற்ற இரண்டையும்விட முக்கியம் குறைந்தது என்று அவர்களுக்குப் பதில் கிடைத்திருக்கிறது.

முதல் இரண்டும் சரி, கடையில் தினம் பார்க்கிறேன். மூன்றாவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹெட்போன் போட்டுத் தனியாகக் கேட்கிறவர்களை மனதில் வைத்து யோசித்தால் அப்படித் தோன்றலாம். மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்ட பிறகு ராத்திரி பறை அடிக்கிற இடத்தில் வந்து நின்று பார்க்கட்டும். வள்ளி, முருகன் கதையைப் பாடிக் கை தட்டி ஆடுகிற வள்ளிக்கும்மியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் கோவை மாவட்டத்துக் கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்கள் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்துக்குள் பெண்களைக் கொண்டுவந்தவர் அவர். இன்றைக்கு ஊருக்கு ஊர் பெண்களும் பிள்ளைகளும் ஒரே நிறச் சேலை கட்டி ஆடுகிறார்கள். அந்தப் பாட்டைத் தனியாக உட்கார்ந்து கேட்டால் ஒரே மெட்டுத் திரும்பத் திரும்ப வருகிற மாதிரி இருக்கும். கை தட்டிச் சுற்றி வரும்போது அந்தத் திரும்ப வருதல்தான் காலைத் தூக்கிவிடுகிறது.

அதனால் கும்மி பழகுகிறவர்களுக்குப் பாட்டுத் தொகுக்கிறீர்கள் என்றால் தெளிவான ஒலிப்பதிவைத் தேடி அலையாதீர்கள். அவர்களுடைய ஆசிரியர் பாடுவதை, அவர் போடுகிற வேகத்தில், போனில் பதிந்து கொடுங்கள். வேறு குழுவின் பதிவு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அடவு ஒத்துவராது. கல்யாண வீட்டுக்குத் தொகுப்பதும் இப்படித்தான். ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) வந்து பேசிக்கொள்கிற நேரத்தில் யாரும் பாட்டைக் கேட்பதில்லை. பேச்சு காதில் விழுகிற அளவுக்கு நாதஸ்வரம் மெதுவாக ஓடட்டும்.

பாட்டே பிடிக்காதவர்களும் உண்டு. வேறு எல்லாவற்றிலும் சந்தோஷப்படுகிறவர்கள், இசையில் மட்டும் ஒன்றும் தோன்றாது. நூற்றில் மூன்று முதல் ஐந்து பேர் அப்படி இருக்கலாம் என்கிறார்கள். "எனக்கு அதெல்லாம் வேண்டாமுங்க, நியூஸ் போதும்" என்று சொன்னால் நம்புங்கள். பட்டிமன்றம் ஏற்றிக் கொடுங்கள்.

இனி கை வேலை

ஒரு தொகுப்புக்கு இருபதிலிருந்து முப்பது பாட்டு. தெரிந்த பாட்டில் தொடங்குங்கள். உங்களுக்குப் பிடித்தது ஒன்றைச் சேர்க்காமல் இருக்க முடியாது, தெரியும். ஒன்றே ஒன்று, ஐந்தாவது இடத்தில். முதல் இடத்தில் வைத்தால் பாட்டி போனைக் கீழே வைத்துவிடுவார்.

பழைய பதிவுகள் மெதுவாக இருக்கும், புதியவை காதைக் கிழிக்கும். கம்ப்யூட்டரில் எம்பி3கெயின் போன்ற இலவச மென்பொருளில் எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரலாம். அம்முச்சிக்கு இதைத்தான் முதலில் செய்தேன். பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். காரிலும் சின்ன ஸ்பீக்கரிலும் வேறு முறை பல சமயம் ஓடாது. பாட்டின் பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண் போட்டு, அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். சில செட்டுகள் பெயர் வரிசையில் ஓட்டும், சில ஏற்றிய வரிசையில் ஓட்டும்.

காசு வாங்கிக்கொண்டு பாட்டு ஏற்றிக் கொடுப்பது காப்புரிமைச் சட்டப்படி தப்பு. அதனால் கடையில் இப்போது அவரவர் ஆப்பிலேயே பிளேலிஸ்ட் போட்டுத் தருகிறேன்; பென்டிரைவ் என்றால் அவர்களே காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிற பாட்டுக்குத்தான். ஆப்பில் மூன்று விஷயம் பாருங்கள்: வரிசையைக் கலைத்து ஓட்டுகிற ஷஃபிளை நிறுத்தியிருக்க வேண்டும், லிஸ்ட் முடிந்ததும் தானாக வேறு பாட்டு ஓடுவதை நிறுத்த வேண்டும், தோட்டத்தில் டவர் கிடைக்காது என்பதால் பாட்டுகளை முன்கூட்டியே டவுன்லோட் செய்துவைக்க வேண்டும்.

கொடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். "நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டால் "நல்லா இருக்குது" என்றுதான் பதில் வரும். "எந்தப் பாட்டு வந்தா மாத்தறீங்க?" என்று கேளுங்கள். அதை யோசிக்காமல் எடுத்துவிடுங்கள், உங்களுடைய ஐந்தாவது பாட்டாக இருந்தாலும். அப்புறம், விட்டுப்போன பாட்டு ஏதாவது உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் வரி ஞாபகம் இருக்காது, மெட்டு மட்டும் இருக்கும். கூகுளில் மைக்கைத் தட்டி முனகினாலே பாட்டைத் தேடித் தருகிற வசதி 2020 முதல் இருக்கிறது, பழைய தமிழ்ப் பாட்டையும் பல நேரம் பிடித்துவிடுகிறது. போனுக்கு முன்னால் முனகக் கூச்சப்படுவார்கள். நீங்கள் முதலில் தப்பாக முனகுங்கள், திருத்துவதற்காகப் பாடிவிடுவார்கள்.